கய்யாம் வரைந்த இணைகோடுகள்

உமர் கய்யாம் என்னும் பெயரைத் தமிழுலகம் பெரும்பாலும் பாடல்களின் வாயிலாகவே அறிந்திருக்கிறது. எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1859ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஆக்கி வெளியிட்டவற்றைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவர்கள் இனிய தமிழில் பெயர்த்தளித்தார்கள். அன்று தொட்டு, கிண்ணமும் கையுமாக அமர்ந்த ஒரு கிழவரின் உருவம் நம்மவர் நெஞ்சில் பதிந்துவிட்டது. அவ்வுருவத்தை அகற்ற விழைந்த எழுத்தாளர் சிலர் வேறோர் உருவத்தை நிறுவ முற்பட்டனர். கய்யாம் கணித மேதை. யூக்ளிடின் குறையைக் கண்டவர். ஐரோப்பியர் பிற்காலத்தில் கண்ட புதிய வடிவ கணிதத்தை அவர்களுக்கு முன்பே கண்டவர் என்றெல்லாம் எழுதினர். எழுதியவர்கள் அத்தோடு நின்றும்விட்டனர். யூக்ளிடில் அவர் கண்ட குறை யாது? அதனை எவ்வாறு போக்க முயன்றார்? முயற்சி பலித்ததா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் வாசகர் அக்கட்டுரைகளிலிருந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியவராகிறார்.

கய்யாம் எழுதிய அந்த நூலையே எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும் திறத்தையும் குறையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஒரு நூலைப் புகழ்வதற்கு முன் அதனுள் என்ன இருக்கிறது என்று காண்பதே முறை. இங்கே காண வேண்டிய பொருளும் எட்டாத உயரத்தில் இருப்பதன்று. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் நம் பிள்ளைகள் அளவுகோலும் மூலைமட்டமும் கொண்டு நாள்தோறும் வரையும் இணைகோடுகளைப் பற்றியதே அது.

நூலும் காலமும்

கய்யாம் 1048ஆம் ஆண்டில் நைஷாப்பூரில் பிறந்தார், 1131இல் மறைந்தார். சல்ஜூக்கிய சுல்தான் மலிக் ஷாவின் அழைப்பின் பேரில் இஸ்ஃபஹான் சென்று, வான் ஆய்விலும் நாள்காட்டித் திருத்தத்திலும் ஈடுபட்டிருந்த காலத்தில், 1077ஆம் ஆண்டில், ஒரு ரிஸாலாவை எழுதி முடித்தார். ‘ஷரஹ் மா அஷ்கல மின் முஸாதராத்தி கிதாபி உக்லீதிஸ்’ என்பது அதன் பெயர். யூக்ளிடின் நூலில் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளப்பட்டவற்றுள் சிக்கலானவற்றிற்கு விளக்கம் என்பது அதன் பொருள். மூன்று பகுதிகளைக் கொண்ட இந்நூலின் முதற் பகுதி இணைகோடுகளைப் பற்றியது. ஏனைய இரண்டும் விகிதங்களைப் பற்றியவை. முதற் பகுதியே ஈண்டு நம் ஆய்வுக்குரியது.

கய்யாமின் கையில் யூக்ளிட் எவ்வாறு வந்து சேர்ந்தார் என்பதையும் ஒரு சொல் கூறிவிடுதல் தகும். கி.மு. 300ஐ ஒட்டி இஸ்கந்தரிய்யாவில் யூக்ளிட் தொகுத்த பதின்மூன்று பாகங்கள் கொண்ட நூலை, ஹாரூன் ரஷீதின் காலத்தில் ஒரு முறையும் மஃமூனின் காலத்தில் மறுமுறையும் ஹஜ்ஜாஜ் இப்னு மதர் அரபியாக்கினார். பின்னர் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் பெயர்க்க, தாபித் இப்னு குர்ரா அதனைத் திருத்தினார். இஸ்ஹாக் கிறிஸ்தவர், தாபித் ஹர்ரானைச் சேர்ந்த ஸாபியீ சமயத்தவர், மூல ஆசிரியரோ கிரேக்கர். ஆகவே இதனை ‘முஸ்லிம் கணிதம்’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பலரும் வந்தமர்ந்து வாதிட்ட ஒரு திண்ணை அது. அந்தத் திண்ணையில் கய்யாமும் ஒருவராக அமர்ந்தார்.

சந்திக்காத கோட்டை வரைவது எவ்வாறு?

ஒரு தளத்தில் இருந்து, இருபுறமும் எவ்வளவு நீட்டினும் ஒன்றையொன்று சந்திக்காத நேர்கோடுகளே இணைகோடுகள் என்று யூக்ளிட் வரையறுக்கிறார். இந்த வரையறை கேட்பதற்கு எளிது, சோதிப்பதற்கு அரிது. எவ்வளவு தூரம் நீட்டிப் பார்ப்பது? தாள் முடிகிறது, மேசை முடிகிறது, ஊரும் முடிகிறது. ஒரு காதத்திற்கு அப்பால் அவை சந்திக்கமாட்டா என்பதற்கு யார் பிணை?

இதற்குப் பிணையாக நிற்பது முதற் பாகத்தின் 27ஆம் தேற்றம். இரு கோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும்போது உண்டாகும் ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாயின், அவ்விரு கோடுகளும் இணையானவை என்கிறது அத்தேற்றம். முடிவின்மையைப் பற்றிய ஒரு செய்தியை, கண்ணெதிரே உள்ள இரண்டு கோணங்களைக் கொண்டு அறிந்துகொள்ளலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

அதன் நிரூபணமும் நயமானது. ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாக இருந்தும், கோடுகள் வலப்புறத்தில் எங்கோ சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது குறுக்குவெட்டியும் அவ்விரு கோடுகளும் சேர்ந்து ஒரு முக்கோணத்தை உண்டாக்கும். நம் இரு கோணங்களுள் ஒன்று அம்முக்கோணத்தின் வெளிக்கோணமாகும். மற்றொன்று அதற்கு எதிரே உள்ள உட்கோணமாகும். ஒரு முக்கோணத்தின் வெளிக்கோணம், எதிரே உள்ள உட்கோணம் ஒவ்வொன்றையும் விடப் பெரியது என்பது 16ஆம் தேற்றம். நாமோ இரண்டையும் சமம் என்று கொண்டோம். முரண்பாடு எழுகிறது. இடப்புறத்திலும் இதே வாதம் செல்லும். எனவே கோடுகள் எங்கும் சந்திக்கமாட்டா.

இந்தத் தேற்றம் கைவந்த பின்பு வரைதல் எளிதாகிவிடுகிறது. ஒரு கோடும், அதன்மேல் அமையாத ஒரு புள்ளியும் தரப்பட்டுள்ளன. புள்ளியிலிருந்து கோட்டிற்கு ஏதேனும் ஒரு சாய்கோடு இழுக்கிறோம். அது கோட்டோடு செய்யும் கோணத்தைக் கவராயத்தால் அளந்து, அதே கோணத்தைப் புள்ளியிடத்தில் ஒன்றுவிட்ட பக்கத்தில் அமைக்கிறோம். அமைந்த புதிய கோடு இணைகோடு. யூக்ளிடின் 31ஆவது வாக்கியம் இதுவே. மூலைமட்டத்தை அளவுகோலின் ஓரத்தில் வைத்து நகர்த்தி நம் பிள்ளைகள் வரைவதும் இதன் மறுவடிவமே. அங்கே அளவுகோல் குறுக்குவெட்டியாகிறது. மூலைமட்டத்தின் கோணம் இரண்டு இடங்களிலும் மாறாது நிற்பதால் ஒத்த கோணங்கள் சமமாகின்றன; 28ஆம் தேற்றம் அதனை இணையென்று உறுதி செய்கிறது.

இவ்விடத்தில் பாடப்புத்தகங்கள் ஒரு பிழைக்கு இடங்கொடுக்கின்றன. வெளிக்கோணம் ஏன் பெரியது என்று மாணவனைக் கேட்டால், எதிரே உள்ள இரண்டு உட்கோணங்களின் கூடுதலுக்கு அது சமம். ஆதலால் ஒவ்வொன்றையும் விடப் பெரியது என்பான். விடை சரி போலவே தோன்றும். ஆயினும் அந்தக் கூடுதல் விதி 32ஆம் தேற்றம். அது இணைகோடுகளின் இயல்பைக் கொண்டே நிறுவப்படுவது. இணைகோட்டை நிறுவ வெளிக்கோணத்தையும், வெளிக்கோணத்தை நிறுவ இணைகோட்டையும் துணைக்கழைப்பது, ஒருவருக்கொருவர் ஜாமீன் கையெழுத்திடும் இரு கடன்காரர்களின் கதையாக முடியும். யூக்ளிட் இதனை உணர்ந்தே, பக்கத்தை இருசமக் கூறிட்டு நடுக்கோட்டை இருமடங்காக நீட்டும் வேறொரு வழியில், இணைகோட்டின் வாடையே படாமல் 16ஆம் தேற்றத்தை நிறுவி வைத்தார்.

மறுதலை என்னும் மதில்

கோணங்கள் சமமாயின் கோடுகள் இணை என்பது ஒரு செய்தி. கோடுகள் இணையாயின் கோணங்கள் சமம் என்பது வேறொரு செய்தி. முந்தியதன் மறுதலை பிந்தியது. வகுப்பறையில் இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால், மாணவன் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிவிடுகிறான். மழை பெய்தால் முற்றம் நனையும் என்பதால், முற்றம் நனைந்திருந்தால் மழை பெய்திருக்கும் என்று முடிவு கட்டலாகுமா? யாரேனும் தண்ணீர் தெளித்திருக்கலாம் அன்றோ?

மறுதலை யூக்ளிடின் 29ஆம் தேற்றம். முதல் 28 தேற்றங்களையும் எத்துணையும் வேண்டாது நிறுவிவந்த யூக்ளிட், இங்கே வந்ததும் தம் ஐந்தாம் எடுகோளை முதன்முறையாகக் கையிலெடுக்கிறார். இரு கோடுகளை ஒரு கோடு வெட்டும்போது ஒரு பக்கத்து உட்கோணங்கள் இரண்டும் சேர்ந்து இரு செங்கோணங்களினும் குறைவாக இருப்பின், நீட்டப்படும்போது அக்கோடுகள் அப்பக்கத்தில் சந்திக்கும் என்பது அவ்வெடுகோள். நிரூபணமின்றி இதனை ஏற்றுக்கொள்க என்கிறார் யூக்ளிட். அரபு அறிஞர்கள் ‘முஸாதரா’ என்று வழங்கிய இவ்வெடுகோளே பல நூற்றாண்டு அறிஞர்களின் உறக்கத்தைக் கெடுத்தது. பள்ளிப் புத்தகங்கள் இதற்கு மாற்றாக, 1795இல் ஜான் பிளேஃபேர் தம் பதிப்பில் கையாண்ட எளிய வாக்கியத்தைத் தருகின்றன. ஒரு கோட்டிற்கு வெளியே உள்ள புள்ளி வழியே அதற்கு ஒரே ஓர் இணைகோடுதான் வரையலாம் என்பது அது.

நாம் கருத்தில் கொள்ள வேண்டிய நுட்பம் இங்கேதான் உள்ளது. இணைகோடு ஒன்று உண்டு என்பதற்கும், அதனை வரைவதற்கும் ஐந்தாம் எடுகோள் தேவையில்லை. அத்தகைய கோடு ஒன்றே ஒன்றுதான் என்பதற்கே அது தேவை. உண்மையும் ஒருமையும் வெவ்வேறு வழக்குகள். முன்னதற்குச் சான்று இருக்கிறது. பின்னதற்கு நாம் வைக்கும் நம்பிக்கை மட்டுமே இருக்கிறது. கய்யாமின் ரிஸாலா நுழைவது இந்த இடைவெளியில்தான்.

இப்னுல் ஹைத்தம் நகர்த்திய கோடு

கய்யாமுக்கு முன் இம்மதிலை ஏற முயன்றவர்கள் பலர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஜவ்ஹரீ, 901இல் மறைந்த தாபித் இப்னு குர்ரா, ஒளியியல் மேதை இப்னுல் ஹைத்தம் ஆகியோர் அவர்களுள் சிறந்தவர்கள். கய்யாம் நீண்ட விவாதத்திற்கு எடுத்துக்கொள்வது இப்னுல் ஹைத்தமின் வழியையே.

பஸராவில் 965இல் பிறந்து எகிப்தில் வாழ்ந்த அப்பெரியார் கையாண்ட வழியைத் தச்சர் வேலையைக் கொண்டு விளக்கலாம். பலகையின் நேர்விளிம்பில் ஒரு கட்டையைப் பொருத்தித் தச்சர் நகர்த்திக்கொண்டே போகிறார். கட்டையில் செருகிய முள், விளிம்பிலிருந்து மாறாத தொலைவில் ஒரு கீறலை இட்டுச் செல்கிறது. இப்னுல் ஹைத்தமும் அவ்வாறே ஒரு கோட்டின்மேல் ஒரு செங்குத்தை நிறுத்தி, நிமிர்வு மாறாமல் அதனை நகர்த்துகிறார். அதன் மேல்முனை இட்டுச் செல்லும் தடம் ஒரு நேர்கோடு. அது அடிக்கோட்டிற்கு இணை என்கிறார். அதிலிருந்து, மூன்று கோணங்கள் செங்கோணமான நாற்கரத்தின் நான்காம் கோணமும் செங்கோணமே என்று காட்டி, ஐந்தாம் எடுகோளை வருவிக்கிறார்.

கய்யாம் இதனை ஏற்கவில்லை. கோடு பரப்பைச் சார்ந்தது. பரப்பு திடப்பொருளைச் சார்ந்தது. தான் சார்ந்த இடத்தை விட்டுக் கோடு எங்ஙனம் பெயரும்? நிமிர்வு மாறாமல் பெயர்கிறது என்பதற்கு யாது சான்று? இயக்கத்திற்கும் வடிவ கணிதத்திற்கும் என்ன தொடர்பு? இவ்வாறு அடுக்கடுக்காக வினவுகிறார். தமக்கு இரு தலைமுறை மூத்த, புகழால் மலைபோல் உயர்ந்த ஒருவரை நோக்கி இளம் அறிஞர் ஒருவர் இவ்வாறு வினவியது நோக்கத்தக்கது. ரிஸாலாவை முடித்தபோது கய்யாமுக்கு வயது இருபத்தொன்பது. வசையும் இல்லை, வாழ்த்தும் இல்லை. வாதம் மட்டுமே உண்டு.

ஆயினும் அவ்வாதத்தை நாமும் எடைபோட வேண்டும். இயக்கம் என்பதனாலேயே ஒரு நிரூபணம் வீழ்ந்துவிடுமா? யூக்ளிடே நான்காம் தேற்றத்தில் ஒரு முக்கோணத்தை மற்றொன்றின்மேல் பொருத்திக் காட்டுகிறார். பதினோராம் பாகத்தில் அரைவட்டத்தைச் சுழற்றிக் கோளத்தை வரையறுக்கிறார். மூலைமட்டத்தை நகர்த்தி வரையும் சிறுவனும் இயக்கத்தையே கையாளுகிறான். அவன் கோட்டில் குற்றமில்லை. எனவே குற்றம் நகர்த்தியதில் இல்லை. நகர்ந்த செங்குத்தின் முனை இட்ட தடம் நேர்கோடு என்று கொண்டதில்தான் குற்றம்.

உலக உருண்டையை எண்ணிப் பார்ப்போம். உருண்டையின்மேல் மிகக் குறுகிய வழியே நேர்வழி. நிலநடுக்கோடு அத்தகைய நேர்வழி. அதிலிருந்து எங்கும் ஒரே தொலைவில் வடக்கே செல்லும் அட்சக்கோடோ நேர்வழியன்று. தொலைதூர விமானங்கள் அதனைப் பின்பற்றிச் செல்லாமைக்கு அதுவும் ஒரு காரணம். உருண்டையின் இலக்கணம் தளத்தின் இலக்கணத்திற்கு வேறானதே. எனினும், ஒரே தொலைவில் செல்லும் தடம் நேராகத்தான் இருந்தாக வேண்டும் என்பது தானே விளங்கும் உண்மையன்று எனக் காட்ட இவ்வுவமை போதும். தளத்தில் அத்தடம் நேர்கோடு என்று சொல்வது, ஐந்தாம் எடுகோளையே வேறு ஆடையில் அழைத்து வருவதாகும். கய்யாம் நோயை உணர்ந்தார். அதற்கு இட்ட பெயர் மட்டும் பொருந்தவில்லை என்பது நம் கருத்து.

கய்யாமின் நாற்கரம்

மறுத்ததோடு கய்யாம் ஓய்ந்துவிடவில்லை. எதனையும் நகர்த்தாத ஒரு வடிவத்தைத் தாமே அமைத்தார். அஆ என்னும் அடிக்கோட்டின் இரு முனைகளிலும் அஇ, ஆஈ என்னும் சமநீளமுள்ள இரு செங்குத்துகளை நிறுத்தினார். இ, ஈ ஆகிய மேல்முனைகளை இணைத்தார். மேலே உள்ள இரண்டு கோணங்களும் எத்தகையவை என்பதே அவர் வினா.

அவை தம்முள் சமம் என்பதை எளிதில் காட்டலாம். அஈ, ஆஇ என்னும் மூலைவிட்டங்களை வரைக. அஆஈ, ஆஅஇ என்னும் முக்கோணங்களில் அடிக்கோடு பொது, செங்குத்துகள் சமம், இடைப்பட்ட கோணங்கள் செங்கோணங்கள். எனவே மூலைவிட்டங்கள் சமம். பின்னர் அஇஈ, ஆஈஇ என்னும் முக்கோணங்களில் மூன்று பக்கங்களும் முறையே சமமாதலால், மேற்கோணங்கள் இரண்டும் சமம். இதுவரை ஐந்தாம் எடுகோளின் துணை ஒரு சிறிதும் இல்லை.

சமமான அக்கோணங்கள் குறுங்கோணங்களாகலாம், விரிகோணங்களாகலாம், செங்கோணங்களாகலாம். மூன்றே வழிகள். செங்கோணம் என்று நிறுவிவிட்டால் ஐந்தாம் எடுகோள் கைவந்துவிடும். முதல் இரண்டையும் மறுப்பதே எஞ்சிய வேலை. குறுங்கோணமாயின், மேற்கோடு அடிக்கோட்டைவிட நீளும். செங்குத்துகள் இரண்டும் மேலே செல்லச் செல்ல அகன்று விரியும். அடிக்கோட்டின் கீழ்ப்புறத்திலும் அவ்வாறே விரியும். விரிகோணமாயின், இருபுறமும் குவியும். ஒரே கோட்டிற்குச் செங்குத்தான இரு நேர்கோடுகள் இருபுறமும் விரிவதோ இருபுறமும் குவிவதோ ஒவ்வாது என்று கூறி, இரண்டையும் கய்யாம் தள்ளிவிடுகிறார்.

எதனைக் கொண்டு தள்ளினார்? ரிஸாலாவின் தொடக்கத்திலேயே ஐந்து கொள்கைகளை அவர் வரிசைப்படுத்தியுள்ளார். தத்துவ ஞானி என்று அறிஞர் வழங்கிய அரிஸ்டாட்டிலிடமிருந்து பெற்றவை அவை என்கிறார். அவற்றுள் ஒன்று, குவிந்து செல்லும் இரு நேர்கோடுகள் வெட்டிக்கொள்ளும். குவியும் திசையிலேயே அவை மீண்டும் விரிதல் இயலாது என்பது. இதுவே அவர் வாதத்தின் அச்சாணி.

வெற்றியா, தோல்வியா?

திறனாய்வாளன் இங்கே தயங்காமல் சொல்லியாக வேண்டும். கய்யாம் ஐந்தாம் எடுகோளை நிறுவவில்லை. குவியும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் என்னும் கொள்கை ஐந்தாம் எடுகோளுக்குரிய பாரத்தைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. குறுங்கோண வழியில் உண்மையான முரண்பாடு எதனையும் அவர் காட்டவில்லை, காட்டவும் இயலாது. விரிகோண வழியை மறுத்தது மட்டும் நிலைக்கும். நேர்கோடு எல்லையின்றி நீளும் என்பதோடு அவ்வழி மோதுகிறது.

காட்ட இயலாது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. ரஷ்யாவின் கஸான் நகரில் லோபாசெவ்ஸ்கி 1829இலும், ஹங்கேரியைச் சேர்ந்த யானோஷ் போயாய் 1832இலும் குறுங்கோண வழியையே மெய்யெனக் கொண்டு, முரணற்ற ஒரு முழு வடிவ கணிதத்தை எழுப்பிக் காட்டினர். 1868இல் இத்தாலியரான பெல்ட்ராமி அதற்கு உருவங்கொடுத்து, யூக்ளிடின் வடிவ கணிதம் முரணற்றதாயின் அதுவும் முரணற்றதே என்பதற்கு வழி செய்தார். அந்த வடிவ கணிதத்தில் ஒரு புள்ளி வழியே ஒரு கோட்டைச் சந்திக்காத கோடுகள் எண்ணற்றவை. நம் சிறுவன் மூலைமட்டத்தால் வரைந்த கோடு அங்கும் சந்திக்காத கோடே. 27ஆம் தேற்றம் அங்கும் செல்லும். தனித்த ஒன்று என்னும் உரிமையை மட்டுமே அது இழந்துவிடுகிறது. தச்சரின் முள் இட்ட தடமோ அங்கே நேர்கோடாக இராது, வளைந்துவிடும்.

ஆகவே புதிய வடிவ கணிதத்தைக் கய்யாம் கண்டார் என்று எழுதுவது மிகை. அதன் வாயிற்படியில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, இப்படி ஒரு வீடு இருக்க முடியாது என்று கதவைச் சாத்திவிட்டு வந்தவர் அவர். அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியப் பாதிரியார் சாக்கேரி 1733இல் அதே நாற்கரத்தோடு அதே வாயிலுக்கு வந்தார். வெகுதூரம் உள்ளே நடந்தும், அவரும் கதவைச் சாத்திவிட்டே மீண்டார்.

அப்படியாயின் கய்யாமின் பெருமை எதில் உள்ளது? மூன்றில் உள்ளது என்போம். முதலாவது, வினாவை மூன்று வழிகளாகப் பிரித்தது. கோடுகளைப் பற்றிய மங்கலான ஐயம், ஒரு நாற்கரத்தின் இரு கோணங்களைப் பற்றிய கூர்மையான வினாவாக மாறியது. இரண்டாவது, தாம் நம்பியவற்றை மறைக்காமல் முகப்பிலேயே எழுதி வைத்தது. அவர் வாதம் எங்கே வழுக்கியது என்று நாம் இன்று சுட்ட முடிவதே, தம் கொள்கைகளை அவர் எண்ணிட்டுச் சொன்னதனால்தான். மூன்றாவது, பெரியோர் சொல் என்பதற்காக ஒரு நிரூபணத்தை ஏற்காதது.

இந்த மூன்றாவது பண்பு அவருக்கும் திருப்பிச் செலுத்தப்பட்டது. 1201இல் பிறந்து 1274இல் மறைந்த நஸீருத்தீன் தூஸி, இணைகோடுகள் பற்றிய ஐயத்தை ஆராயும் ‘அர்ரிஸாலத்துஷ் ஷாஃபியா’ என்னும் நூலில், ஜவ்ஹரீ, இப்னுல் ஹைத்தம், கய்யாம் ஆகிய மூவரையும் நிறுத்தி விசாரித்தார். தூஸியின் பெயரால் அமைந்த ஓர் அரபு யூக்ளிட் 1594இல் ரோமாபுரியில் மெதிசி அச்சகத்தில் பதிப்பிக்கப்பட்டது. அந்நூல் எழுதி முடிக்கப்பட்ட ஆண்டு 1298 என்பதால், அது அவர் மறைவுக்குப் பின் அவர் குழுவினரால் ஆக்கப்பட்டது என்பர் ஆய்வாளர். அதிலுள்ள நிரூபணத்தை எட்வர்ட் போக்காக் இலத்தீனில் பெயர்த்துத் தர, ஜான் வாலிஸ் 1663இல் ஆக்ஸ்போர்டில் அதனை எடுத்துரைத்து ஆராய்ந்தார். வாலிஸ் வழியே அது சாக்கேரியின் கண்ணுக்கும் எட்டியது. சாக்கேரியும் அதனைப் புகழ்ந்து ஒதுங்காமல், குறை கூறி ஆராய்ந்தார். இப்னுல் ஹைத்தம் தொடங்கி சாக்கேரி வரை, ஒவ்வொருவரும் முன்னவரின் நிரூபணத்தை உடைத்துப் பார்த்தே மதித்தனர்.

நமக்குரிய பாடம்

நம் ஏடுகளில் வரும் பெருமைக் கட்டுரைகளை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால் மனம் வருந்தத்தான் செய்கிறது. பெயர்கள் வருகின்றன, ஆண்டுகள் வருகின்றன, ஐரோப்பியருக்கு முன்பே என்னும் பல்லவி வருகிறது. ஒரு தேற்றமேனும் வருவதில்லை. அக்கட்டுரையைப் படித்த மாணவன், மறுநாள் வகுப்பில் ஆசிரியர் ஐயம் கிளப்பினால் சொல்வதற்கு ஏதுமின்றி நிற்பான். கய்யாம் எல்லாவற்றையும் நிறுவிவிட்டார் என்று கற்றவன், அவர் நிறுவவில்லை என்று ஒருநாள் அறியும்போது, நூலையும் இழப்பான். நம் சொல்லின்மீது வைத்த நம்பிக்கையையும் இழப்பான். எங்கே வென்றார், எங்கே வழுக்கினார் என்று அறிந்தவனுக்கு அந்த இழப்பு நேராது.

மறுபுறத்தில், பாடப்புத்தகங்களை எழுதுவோரிடமும் நமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இணைகோட்டுத் தேற்றத்தையும் அதன் மறுதலையையும் அடுத்தடுத்த இரு வரிகளில் அச்சிட்டுவிட்டு அமைதி கொள்ளாதீர்கள். முன்னது நிறுவப்பட்டது, பின்னது ஓர் எடுகோளின்மேல் நிற்பது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் பக்தாதிலும் கெய்ரோவிலும் இஸ்ஃபஹானிலும் எண்ணெய் விளக்குகள் எரிந்தன என்பதை அறியும் வாய்ப்பு மாணவனுக்குக் கிட்டும்.

புத்தகம் மாறும்வரை வீடுகளில் காத்திருக்க வேண்டுவதில்லை. பிள்ளை மூலைமட்டத்தை நகர்த்தி இணைகோடு வரையும்போது பெற்றோர் இரண்டு வினாக்களைக் கேட்கலாம். இந்தக் கோடு அந்தக் கோட்டை என்றும் சந்திக்காது என்று உனக்கு எப்படித் தெரியும்? இந்தப் புள்ளி வழியே சந்திக்காத வேறொரு கோடு இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? முதல் வினாவிற்கு 27ஆம் தேற்றத்தையும் அதன் நிரூபணத்தையும் பிள்ளை சொல்ல வேண்டும். இரண்டாம் வினாவிற்கு, தெரியாது, ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் அதுவே சரியான விடை. அவ்விடை சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் கய்யாமின் ரிஸாலாவைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.